குழாய்க்காரர்களும் என் சோபாவும்

போன வாரம் எங்கள் வீட்டுக்குள் பாம்பு வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாம்பு வந்தப்போ உங்க வீட்டுக்காரர் ஹால்லதானே இருந்தார், ஏன் எழுந்து வரலை?"

நியாயமான கேள்வி. பாம்பு வந்தது சில வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. சனிக்கிழமை காலையில் அவர் சோபாவை விட்டு எழுந்தால் ஜெர்மனியில் ஒரு கால்பந்து கிளப் தோற்றுவிடும். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் மேலே படிக்கவும். நினைக்காதவர்களும் படிக்கலாம், உங்களுக்கும் கொஞ்சம் வைத்தியம் தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டு லாண்ட்ரி ரூமில் தொடங்குகிறேன். டெக்சஸில், ரவுண்ட் ராக் பக்கம் கட்டுகிற வீடுகளில் கார் நிறுத்த ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இடம் விடுவார்கள். துணி துவைக்க மட்டும் ஓர் அலமாரி அளவு. அதில் வாஷர், டிரையர், ஒரு கூடை, நான். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். முதுகில் டிரையரின் சூடு. உள்ளே ஏற்கெனவே காய்ந்துபோன துண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சோப்பு டப்பாவில் சாய்த்து வைத்த என் போனில் ஒரு பச்சை மைதானம். நடுவில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, பெனால்ட்டி அடிக்கப் பந்தை எடுத்து வைக்கிறான். மேட்ச் முடியும் நேரம். அவன் அடித்துவிட்டால், குழாய் செய்து பிழைக்கும் ஒரு குட்டி ஜெர்மன் ஊரின் கிளப் அந்த நாட்டிலேயே பெரிய டிவிஷனுக்குப் போய்விடும்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் என் வீட்டுக்காரர் ஹமீது, அவருடைய இரண்டு நண்பர்கள், என்னுடைய சோபா. நான் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களுக்கு நினைப்பு.

அந்தப் பையன் பந்தை வைத்தபடியே இருக்கட்டும். நான் ஏன் கூடைமேல் உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

முட்டை கொடுத்த ஹெல்முட்

எங்களுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். அங்கே பையன்களுக்கு நடக்க வருவதற்கு முன்பே பந்து உதைக்க வந்துவிடும். என் வீட்டுக்காரரும் அப்படி உதைத்தவர்தான். அமெரிக்கா வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொப்பை போட்ட பிறகு, பார்ப்பதோடு நின்றுபோனது.

எங்கள் மகள் சமீரா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், கம்பெனி அவரை ஜெர்மனிக்கு ஒரு புராஜெக்ட்டுக்கு அனுப்பியது. சின்ன ஊர். ஊர்ப் பெயரை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை, நடுவில் காறித் துப்புகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அங்கே இருந்தது ஒரே ஒரு பித்தளைக் குழாய் ஃபேக்டரி. ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே சிஸ்டத்தில் கொண்டுவருவது இவர் வேலை.

வாரக் கடைசியானால் ஊரே ஊமையாகிவிடுமாம். கடை கிடையாது, பேச ஆள் கிடையாது. இவர் பஸ் ஸ்டாப்பில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஊர் பஸ் டிரைவர் ஹெல்முட் ஒரு சனிக்கிழமை கையைப் பிடித்து ஸ்டேடியத்துக்கு இழுத்துப்போனார். ஸ்டேடியம் என்றால் ஸ்டேடியம் இல்லை. ஒரு பக்கம் படிக்கட்டு, மூன்று பக்கம் வேலி. ஃபேக்டரித் தொழிலாளிகள் எப்போதோ ஆரம்பித்த கிளப். சட்டையில் ஒரு குழாய்ப் படம். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு பித்தளைக் குழாய். இவர்கள் ஒரு கோல் போட்டால் அதைத் திறந்துவிடுவார்கள், தண்ணீர் கொட்டும். குளிர்காலத்திலும் கொட்டும்.

அங்கே விற்றது எல்லாம் பன்றி இறைச்சி. இவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்ததை ஹெல்முட் கவனித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவித்த முட்டையும், காகிதத்தில் மடித்த உப்பும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவருக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மேட்ச் முழுக்க அவர் இருமிக்கொண்டே இருப்பாராம், இவர் முட்டை தின்றுகொண்டே இருப்பாராம். அப்படி ஒரு சினேகம்.

திரும்பி வரும்போது இவர் கழுத்தில் பச்சை மஃப்ளர், பையில் கிளப்பின் மெம்பர் கார்டு. ஜெர்மனியில் கிளப்புகள் மெம்பர்களுடையவையாம். "நான் அதுக்கு ஒரு ஓனர்" என்று ஏர்போர்ட்டிலேயே சொன்னார். எனக்கு ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கி வரவில்லை.

புராஜெக்ட்டைப் பற்றியும் பெருமை தாங்கவில்லை. "நான் போட்ட சிஸ்டத்துல, இனிமே அந்த ஃபேக்டரிய சந்திரன்ல உக்காந்துகூட நடத்தலாம் சுலைஹா" என்றார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுற சிஸ்டத்துல கை வைக்காதீங்க

சில வருஷம் கழித்து, அந்தக் கிளப் ஒரு டிவிஷன் மேலே ஏறியது. மேட்சுகளை இங்கேயும் காட்ட ஆரம்பித்தார்கள். ஜெர்மனியில் மத்தியானம், எங்களுக்குக் காலைப் பசியாற நேரம்.

தனியாகப் பார்த்தால் ருசிக்காதே. ஆபீசிலிருந்து சீனுவைப் பிடித்தார். மாம்பலத்துப் பிள்ளை, சாஃப்ட்வேர் டெஸ்டர், எதிலும் ஓட்டை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குபவர். இன்னொருவர் பல் டாக்டர் பிலவேந்திரன், தூத்துக்குடிக்காரர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துப் பார்த்து, சனிக்கிழமை தன் வாயைத் திறப்பதற்கென்றே வருவார். இவர்களுக்கும் மெம்பர் கார்டு வந்தது. ஆக, அந்தக் குழாய்க் கிளப்புக்கு டெக்சஸில் மூன்று ஓனர்கள்.

முதல் சனிக்கிழமை நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். உடனே எதிரணி கோல். ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வாரமும் உட்கார்ந்தேன், அடுத்த கோல். மூன்றாவது வாரம் டிரையர் பீப் அடித்ததால் லாண்ட்ரி ரூமுக்குப் போனேன். நான் துண்டை மடித்து முடிப்பதற்குள் குழாய்க்காரர்கள் மூன்று கோல் போட்டுவிட்டார்கள்.

நான் கூடையோடு வெளியே வந்தால், சீனு போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டி நிறுத்துகிறார்.

"சுலைஹா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் பத்து நிமிஷம் அங்கயே இருங்களேன்."

"ஏன்?"

"சிஸ்டம் நல்லா ஓடிட்டிருக்கு. ஓடுற சிஸ்டத்துல கை வைக்கக் கூடாது."

கிரிக்கெட் பார்க்கும்போது நம் வீடுகளில் "எழுந்திரிக்காதே, விக்கெட் விழுந்துடும்" என்பார்கள் இல்லையா. அது எல்லோருக்கும் உள்ள வியாதிதான். ஆனால் இவர்கள் இஞ்சினியர்கள். கம்பெனியில் பெரிய சாஃப்ட்வேர் ரிலீஸ் சமயத்தில் யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு போடுவார்களே, அதை அப்படியே என் ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜெயித்த அன்று எது எது எப்படி இருந்ததோ, அது அது அப்படியே இருக்க வேண்டும்.

டாக்டர் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார், இனி அவருக்கு அந்தக் கால் மரத்துப்போனாலும் நீட்ட அனுமதி இல்லை. சீனுவின் மஞ்சள் கோப்பையைக் கழுவக் கூடாது. ஜன்னல் திரை பாதிதான் திறந்திருக்க வேண்டும். பசியாற இடியாப்பம், குருமா, தலைக்கு ஓர் அவித்த முட்டை. சமீரா அன்றைக்கு ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தாள், அதுவும் ரூல் ஆனது. நான் லாண்ட்ரி ரூமில். டிரையர் ஓடவேண்டும், துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அந்தத் துண்டுகள் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காய்ந்து காய்ந்து அப்பளமாகிவிட்டன. முகம் துடைத்தால் தோல் உரியும்.

சமீரா மட்டும் ஒருநாள் சொன்னாள். "வாப்பா, திஸ் இஸ் லிட்டரலி நாட் ஹவ் எனிதிங் வொர்க்ஸ்." அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாக்ஸைப் போடு" என்றார்.

வீடு யாருடையது

எனக்குக் கடுப்பு ஏறியதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுடையது. ரவுண்ட் ராக் வீடு சட்டப்படி பேங்க்குடையது என்றாலும், ஊர் வழக்கப்படி என்னுடையது. அந்த சோபாவை நான்தான் கடை கடையாக ஏறி இறங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து வாங்கினேன்.

உம்மாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "வீடு ஒன்டது. நீ இரிக்கிற எடம் வாசிங் மெஷினுக்குப் பக்கத்துலயா?" என்று கேட்டாள். சுருக்கென்றது.

சரி, சண்டை போட்டு உட்கார்ந்திருக்கலாமே என்பீர்கள். போட்டேன். மனுஷர் ஒன்றும் அதட்டவில்லை. "நீ வேணும்னா இரி" என்று சொல்லிவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். நோன்பு திறக்க வாங்கிய சமோசாவைக் காக்கா தூக்கிப்போனால் ஒரு பிள்ளை முகத்தை வைக்குமே, அப்படி. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எங்கே உட்கார. எழுந்து போய்விட்டேன்.

போனவள் சும்மா இருந்தேனா. போனை எடுத்து, இந்தப் பாழாய்ப்போன மேட்ச்சில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது பித்து.

எங்களூர் பையன்கள் ஆடுவதைச் சின்ன வயதில் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தவள் நான். எட்டிப் பார்த்ததற்கு அடியும் வாங்கியவள். ஆஃப்சைடு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லாண்ட்ரி ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டக்காரனையும் பெயர் சொல்லித் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டேன், ஜெர்மன் பெயர்கள் வாயில் நுழையாததால் நானே வைத்த பெயர்கள். தடுப்பாட்டத்தில் ஒருவன் இருந்தான், எந்தப் பந்து வந்தாலும் ஒரு நொடி யோசிப்பான். அவனுக்கு "ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்" என்று பெயர். பெனால்ட்டி அடிக்கிற பையனுக்கு "வெல்லக்கட்டி".

கிளப் ஏறிக்கொண்டே போனது. ஃபேக்டரி முதலாளி கிழவர் கிளப் மேல் உயிராக இருந்தார், நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று குழாயில் தண்ணீர் ஓயவே இல்லை. ஹாலில் மூன்று ஓனர்களும் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்தச் சோபாவில், என் சோபாவில், உட்கார்ந்து ஒரு மேட்ச்சை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். கூடைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் பிளாஸ்டிக் பூ டிசைன் பதிந்துபோயிருந்தது.

வெல்லக்கட்டியின் பெனால்ட்டி

இப்போது அந்தப் பையனிடம் வருவோம், பாவம் எவ்வளவு நேரம் குனிந்தே இருப்பான்.

வெல்லக்கட்டி பந்தை வைத்தான். பின்னால் நடந்தான். ஓடி வந்து அடித்தான். கோல் கீப்பர் இடது பக்கம் விழ, பந்து வலது மூலையில் போய் நின்றது. குழாய் திறந்தது. நான் என்னையே மறந்து, டிரையரை ஓங்கித் தட்டி, "கோல்டா வெல்லக்கட்டி" என்று கத்திவிட்டேன்.

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

கதவைத் திறந்து பார்த்தேன். மூன்று பேரும் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டிவியில், வெல்லக்கட்டி இன்னும் பந்தை வைத்துக்கொண்டிருந்தான்.

என் போனில் மேட்ச் ஹால் டிவியைவிட அரை நிமிஷம் முன்னால் ஓடும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், மூன்று இஞ்சினியர்களை... சரி, இரண்டு இஞ்சினியர் ஒரு பல் டாக்டரைக் கேளுங்கள். இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டு சமாளித்துவந்தேன். அன்றைக்கு முடியவில்லை.

டிவியிலும் கோல் விழுந்தது. ஆனால் முதல் டிவிஷனுக்குப் போன சந்தோஷத்தைக்கூட அவர்களால் ஒழுங்காகக் கொண்டாட முடியவில்லை. சீனு நெற்றியைத் தேய்த்தார்.

"சுலைஹா, நீங்க எத்தனை மேட்ச் இப்படிப் பாத்திருக்கீங்க?"

"எல்லாம்."

"எல்லாமுமா?"

"நோன்பு நாளில் ஒண்ணு ரெண்டு தூங்கிட்டேன்."

என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்தார். முகம் மலர்ந்தது. "அப்போ இவ பாத்தா தோப்பாங்கங்கிறது பொய்யின்னு ஆச்சு" என்றார். எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்தது. வந்து சோபாவில் உட்கார இரண்டு எட்டு வைத்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் சீனு. டெஸ்டர் புத்தி. "பொய்னு எப்படிச் சொல்றீங்க? இவங்க லாண்ட்ரி ரூம்ல உக்காந்து, அங்கேருந்து பாத்தப்போதான் இவ்வளவும் ஜெயிச்சிருக்கோம். அப்ப ஓடுற சிஸ்டம் அதானே?"

டாக்டர் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் லாண்ட்ரி ரூமில் கூடை இல்லை. புத்தம் புதிதாக ஒரு மடக்கு நாற்காலி. கை வைக்க இடம், கோப்பை வைக்கப் பள்ளம். "உனக்குத்தான், வசதியா பாரு" என்றார் பெருமையாக. அந்த நாற்காலியைத் தூக்கி அவர் தலையில் போடாதது என் உம்மா வளர்த்த வளர்ப்பு.

இறங்குமுகம்

முதல் டிவிஷனுக்குப் போன கிளப், பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குப் போன ஏழை உறவுக்காரர் மாதிரி ஓரமாக நின்றது. வாராவாரம் அடி. ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஒரு நொடி யோசிப்பதற்குள் அந்தப் பெரிய கிளப்காரர்கள் இரண்டு கோல் போட்டுவிடுவார்கள்.

ஹாலில் பீதி. மாற்றக் கூடாது என்றிருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். டாக்டர் காலை நீட்டினார். மஞ்சள் கோப்பை கழுவப்பட்டது, உள்ளே இருந்ததைப் பார்த்துச் சீனுவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடியாப்பம் ஆப்பமானது. நான் நாற்காலியோடு கராஜுக்குப் போனேன். பிறகு கொல்லைப்புறம். சோபாவைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் உட்கார வைத்தார்கள்.

ஒரு வாரம் என் ராத்தா (எங்களூரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நியூஜெர்சி போயிருந்தேன். ஐசலின் என்கிற ஊரில், நம்மவர் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு கடையில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், இவர் போன்.

"எங்க இரிக்கிற?"

"புடவைக் கடையில."

"மேட்ச் பாக்கிறியா?"

"இல்லையே" என்றேன். மடியில் விரித்த மாம்பழக் கலர் புடவைக்கு அடியில் போன் ஓடிக்கொண்டிருந்தது. அன்றும் தோற்றார்கள். ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, புடவை பிடிக்கவில்லை போல என்று வேறு கடைக்கு இழுத்துப்போனாள்.

அந்த வருஷமே கீழே வந்தார்கள். அடுத்த வருஷம் இன்னும் கீழே. முதலாளிக் கிழவர் இறந்துபோய், பிள்ளைகள் ஃபேக்டரியை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனி ஃபேக்டரியையே பக்கத்து நாட்டுக்கு எடுத்துப்போனது. வெல்லக்கட்டியை வேறு கிளப் வாங்கிக்கொண்டது. மைதானத்துப் பெரிய குழாய்க்குப் போன தண்ணீர் ஃபேக்டரித் தண்ணீர், அதுவும் நின்றது.

மீட்டிங்

இரண்டாவது முறை கீழே இறங்கியதும், சீனு ஒரு மீட்டிங் போட்டார். என் ஹாலில்தான். ஆபீசில் ஏதாவது படுத்துவிட்டால், மூலகாரணம் என்ன என்று உட்கார்ந்து நோண்டுவார்களே, அது.

நான் டீயோடு வந்தபோது சீனு பேசிக்கொண்டிருந்தார். "இவங்க ரகசியமா பாத்தவரைக்கும் வேலை செஞ்சுது. அந்தப் பெனால்ட்டி அன்னிக்குக் கத்தினாங்க பாருங்க, அதோட போச்சு. அதுக்கப்புறம் நாம எதைச் சரிபண்ணினாலும் செட் ஆகலை."

"அது வாஸ்தவம்தான்" என்றார் டாக்டர், என் இடியாப்பத்தைத் தின்றுகொண்டே.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தட்டை வைத்தேன். "சீனு, அந்தக் கிளப்புக்குப் பணம் யாரு குடுத்தா?"

"ஃபேக்டரி."

"ஃபேக்டரி எங்க?"

"பக்கத்து நாட்டுக்குப் போயிட்டுது."

"அவ்வளவு பெரிய ஃபேக்டரியை அப்படியே அலுங்காம தூக்கிட்டுப்போக முடியுமா?"

சீனு தோளைக் குலுக்கினார். "இந்தக் காலத்துல என்ன, எல்லாம் ஒரே சிஸ்டத்துல இருந்தா எங்கேருந்து வேணும்னாலும்…" பேச்சு அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சந்திரனுக்குப் போகலை மச்சான்" என்றேன் நான், என் வீட்டுக்காரரிடம். "பக்கத்து நாட்டோட நின்னுடுச்சு."

சொல்லும்போது அவ்வளவு இனிப்பாக இருந்தது. சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். இது சமோசாவைக் காக்கா தூக்கிப்போன முகம் இல்லை. நான் சொல்வதற்கு முன்பே அவருக்கு இது தெரிந்திருக்கிறது. ரொம்ப நாளாக உள்ளே வைத்துக்கொண்டு, டாக்டரின் காலையும் என் நாற்காலியையும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்து, குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். அன்றைக்குக் குப்பை வண்டி வரும் நாளே இல்லை.

அன்று மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகு, "நான் போடாட்டி வேற எவனாச்சும் போட்டிருப்பான்" என்றார் சுவரைப் பார்த்து. "ஆமா மச்சான்" என்றேன். "ஆனா முட்டை தின்னவன் நான்தானே" என்றார். அந்த வாயை ஏன்தான் திறந்தேனோ என்றிருந்தது.

கட்டைவிரல்

சீனு வேலை மாறி சான் ஹோசே போய்விட்டார். அங்கே மேட்ச் நேரம் இன்னும் விடியற்காலை, அதனால் ஆள் தூங்கிவிடுகிறார். டாக்டர் தோற்காத ஒரு பெரிய கிளப்புக்கு மாறிவிட்டார், புதுச் சட்டைகூட வாங்கிவிட்டாராம். மூன்று ஓனரில் ஒருவர்தான் மிச்சம், அவரும் டிவியைப் போடுவதில்லை. கிளப் இறங்கிப்போன டிவிஷனை டிவியில் காட்டுவதும் இல்லை.

நான் மட்டும் விடவில்லை. கிளப்பின் இணையப் பக்கத்தில் யாரோ ஒருவர் மைதானத்து வேலியோரம் நின்று, போனிலேயே மேட்ச்சைக் காட்டிக்கொண்டிருந்தார். பாதி நேரம் அவருடைய கட்டைவிரல்தான் தெரியும். சனிக்கிழமை காலை, பழக்கதோஷம், லாண்ட்ரி ரூமுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலைப் பார்ப்பேன்.

சீசனின் கடைசி மேட்ச். டிரா செய்தால் இருக்கிற இடத்தில் இருக்கலாம், தோற்றால் அதற்கும் கீழே. கதவு திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவர், கையில் டம்ளரோடு அப்படியே நின்றார்.

"அது யாரு இருமுறது?"

"வீடியோ எடுக்கிறவர். எப்பவும் இருமிக்கிட்டே இருப்பார்."

"அது ஹெல்முட்" என்றார். "ஹெல்முட் இருமல் எனக்குத் தெரியும்."

போனை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஹாலுக்குப் போய் சோபாவில் உட்கார்ந்து, போனைப் பெரிய டிவியில் இணைத்தார். இப்போது அந்தக் கட்டைவிரல் சுவரளவு தெரிந்தது.

நான் சோபாவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஏன் நிக்கிற? வா, இரி."

உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, என் சோபாவில், மேட்ச் ஓடும்போது. மெத்தை அவர்கள் மூவரும் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிக் கிடந்தது.

உட்கார்ந்த சூட்டிலேயே எதிரணி ஒரு கோல். இவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் திரும்பவில்லை. பாதி ஆட்டத்துக்குப் பிறகு இன்னொன்று. தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

அப்போது டிரையர் பீப் அடித்தது. இது நிஜத் துணி, சமீராவின் ஸ்கூல் டிரெஸ். எடுக்காவிட்டால் சுருங்கிப்போகும். எழுந்து லாண்ட்ரி ரூமுக்குள் காலை வைத்தேன். ஹாலிலிருந்து, "கோல்" என்று அவர் குரல்.

நாங்கள் போட்ட கோல். ஓடிவந்து எட்டிப் பார்த்தேன். திரையில் பெரிய குழாயை ஒரு பெரியவர் திருகுகிறார், தண்ணீர் வரவில்லை. யாரோ ஒருவர் குடிக்கிற பாட்டிலை அதன்மேல் கவிழ்த்தார். வேலியோரம் இருமலும் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இன்னொரு கோல் போட்டால் டிரா.

நான் லாண்ட்ரி ரூம் வாசலில், கையில் வெதுவெதுப்பான துணியோடு நின்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவர் மண்டைக்குள் கணக்கு ஓடுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. மூன்று சீசன் ஏறிய கணக்கு, கதவுக்குப் பின்னால் ஓடிய டிரையர், பசியாற வைத்த முட்டை, எல்லாம்.

"நான் இங்கேயே நிக்கிறேன் மச்சான்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அது ஹெல்முட்டின் கிளப். எனக்கும் அது என் கிளப்தான்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"வா" என்றார். "வந்து இரி."

போய் உட்கார்ந்தேன். துணியை மடியில் வைத்துக்கொண்டேன். இன்னொரு கோல் விழவில்லை. விசில் ஊதினார்கள். ஹெல்முட்டின் கட்டைவிரல் திரையை மூடியது, இருமல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அதுவும் நின்றது.

நான் மடியிலிருந்த துணியை மடித்து வைத்தேன். பிறகு அவர், "இதுக்குக் கீழயும் ஒரு டிவிஷன் இரிக்கி சுலைஹா" என்றார். "அடுத்த வருஷம் அதைப் பாப்போம்."

"எங்க உக்காந்து?" என்று கேட்டேன்.

தலையணையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சோபாவின் நடு இடத்தைத் தட்டிக் காட்டினார்.